அந்தமான் கடல்ல இறங்க வர்றவங்களுக்கு ஊர்லயே தமிழ்ல சொல்லி அனுப்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு நெருங்குனாலே எல்லா பேப்பர்லயும் அந்தமான் டூர் பத்தி கட்டுரை வந்துருது, உங்க பேப்பர்லயும் வந்துச்சு, ராதாநகர் பீச், எலிபெண்ட் பீச், ஸ்கூபா (காத்து சிலிண்டர் மாட்டிட்டு கடலுக்குள்ள முங்குறது), சீ வாக், கண்ணாடி படகுன்னு படமெல்லாம் அழகா இருந்துச்சு, படிக்கிறப்பவே சந்தோஷமா இருந்துச்சு ஏன்னா இது எங்க ஊரு. எங்க அப்பா ராமநாதபுரம் பக்கத்துல இருந்து கப்பல் ஏறி வந்து இங்கயே தங்கிட்டவரு, நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் போர்ட் பிளேர் (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, எங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது). இப்ப ஹேவ்லாக் தீவுல ஒரு டைவ் ஷாப்ல வேலை பாக்குறேன். சிலிண்டர் தூக்குறது, வர்றவங்களுக்கு சூட் மாட்டி விடுறது, கூடவே தண்ணிக்குள்ள போறது, இதுதான் என் பொழப்பு.

சீசன்ல தமிழ்நாட்டுல இருந்து வர்ற கூட்டத்துக்கு கணக்கே இல்ல. புதுசா கல்யாணம் ஆனவங்க, ஆபீஸ் நண்பர்கள், தாத்தா பாட்டிய கூட்டிட்டு மூணு தலைமுறையா வர்ற குடும்பம், எல்லாரும் வர்றாங்க. அவங்கள்ல முக்கால்வாசி பேரு வாழ்க்கைல முதல் தடவையா கடலுக்குள்ள தலைய விடப் போறாங்க. அவங்களுக்கு உயிர் காக்குற விஷயத்த அவங்களுக்கு புரியிற பாஷைல, அதுக்குரிய நேரத்துல, யாரும் சொல்றதில்ல. இத சொல்லத்தான் இந்த லெட்டர்.

ஸ்கூபாவுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் தருவாங்க. ஆஸ்துமா இருக்கா, இதய நோய் இருக்கா, பிபி மாத்திரை சாப்பிடுறீங்களா, வலிப்பு வந்திருக்கா, காதுல ஆபரேஷன் பண்ணிருக்கா, கர்ப்பமா இருக்கீங்களான்னு வரிசையா கேள்வி இருக்கும், ஒண்ணுக்கு ஆமான்னு போட்டாலும் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரணும். நான் பாத்த வரைக்கும் இந்த ஃபார்ம் இங்கிலீஷ்லதான் இருக்கு. பீச்ல நின்னுகிட்டு, பின்னாடி அடுத்த குரூப் காத்திருக்கு, வெயில் மண்டைய பொளக்குது, கண்ணாடிய ரூம்ல வச்சிட்டு வந்துட்டாங்க, அந்த நிலைமைல யாரு அத படிப்பா? சில இடத்துல பக்கத்துல நிக்கிற ஏஜென்ட் ஆளே எல்லாத்துக்கும் நோ போட்டுருங்க சார்னு சொல்லித் தர்றாரு. அம்பது வயசு தாண்டின ஒருத்தர் ஃபார்ம்ல எல்லாத்துக்கும் நோ போட்டுட்டு, நான் சூட் மாட்டி விடும்போது தம்பி நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு இந்த பெல்ட்ட மட்டும் கொஞ்சம் லூசா விடுங்கன்னு சொன்னாரு. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. கேள்வி என்னன்னே அவருக்கு போய் சேரல, அவ்ளோதான். அவர இறக்க மாட்டோம்னு சொன்னதும் மனுஷன் முகம் வாடிப்போச்சு, பேரனோட சேந்து போகணும்னு ஆசையா வந்திருக்காரு. இந்த கேள்விய ஊர்லயே, பணம் கட்டும்போதே கேட்டிருந்தா அவரு தன்னோட டாக்டர்கிட்டயே போய் கேட்டிருப்பாரு, இறங்கலாமா வேணாமான்னு அந்த டாக்டரே சொல்லியிருப்பாரு, இங்க வந்து அத்தனை பேரு முன்னாடி ஏமாந்து நிக்க வேண்டி வந்திருக்காது. டாக்டர் ஊர்ல இருக்காரு, கேள்விய மட்டும் பீச்ல வந்து கேக்குறோம், இது எப்படி சரியாகும்?

அடுத்து அந்த பத்து நிமிஷ விளக்கம், பிரீஃபிங். சொல்லித் தர்ற பசங்கள்ல பெங்காலி பசங்க உண்டு, மாயாபந்தர் பக்கத்து கரேன் (பர்மால இருந்து வந்து குடியேறின இனம்) பசங்க உண்டு (கடல்ல அவங்கள மாதிரி ஆளுங்க கிடைக்கிறது கஷ்டம், அவ்ளோ திறமை), வெளி மாநிலத்து ஆளுங்களும் உண்டு. எல்லாருக்கும் பொதுவா ஓடுறது ஹிந்தி. நம்ம ஆளுங்க ஹிந்தி புரியலைன்னா கூச்சப்பட்டுகிட்டு கேக்க மாட்டாங்க, தலைய ஆட்டிருவாங்க. அதுல என்னென்ன நழுவிப் போகுதுன்னு சொல்றேன்.

தண்ணிக்குள்ள பேச முடியாது, கைதான் பேசணும். கட்டை விரல மேல தூக்கி காட்டினா நம்ம ஊர்ல சூப்பர்னு அர்த்தம், கடலுக்குள்ள அதுக்கு அர்த்தம் என்னைய மேல கூட்டிட்டு போன்னு. நல்லா இருக்கேன்னு சொல்லணும்னா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையம் மாதிரி சேத்து காட்டணும். இது தெரியாம எத்தனை பேரு ஆமையப் பாத்த சந்தோஷத்துல கட்டை விரல தூக்கிருக்காங்க தெரியுமா, நாங்க உடனே மேல கூட்டிட்டு வந்துருவோம் ஏன்னா அத சந்தேகப்படவே கூடாது, எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். இதாவது பரவால்ல, காசுதான் போச்சு. இன்னொரு பக்கம் இருக்கு. காது வலிக்குதுன்னா உள்ளங்கைய இப்படி அப்படி ஆட்டிட்டு காத தொட்டு காட்டணும், அது தெரியாத ஆளு வலியோட அப்படியே கீழ இறங்கிட்டே இருப்பாரு.

காது விஷயம் சின்ன விஷயம் இல்ல. 10 மீட்டர் ஆழம் போனா மேல இருக்குற அழுத்தத்த விட ரெண்டு மடங்கு அழுத்தம். அதுல பெரிய மாற்றம் முதல் சில மீட்டர்லயே வந்துரும், அதனால இறங்க ஆரம்பிச்ச உடனே மூக்க பிடிச்சிட்டு மெதுவா ஊதணும், காது பட்டுன்னு திறக்கும், வலி வர்றதுக்கு முன்னாடியே இத பண்ணணும், கொஞ்சம் இறங்கி கொஞ்சம் ஊதி அப்படியே போகணும். வலி வந்தப்புறம் பல்ல கடிச்சுட்டு இறங்கினா செவிப்பறை கிழிஞ்சுரும். சளி பிடிச்சிருந்தா, மூக்கு அடைச்சிருந்தா இறங்கவே கூடாது. சளி மாத்திரை போட்டுட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, மாத்திரை வேகம் பாதில குறைஞ்சா கீழ இருக்கும்போது அடைச்சுக்கும், மேல வர்றப்பதான் பெரிய அவஸ்தை.

எல்லாத்துக்கும் மேல மூச்சு. தண்ணிக்குள்ள போனா மூச்ச அடக்கணும்னுதான் நமக்கு சின்ன வயசுல கிணத்துல குளத்துல கத்துக் குடுத்தது. சிலிண்டர் மாட்டிட்டு போறவங்க அத பண்ணவே கூடாது. 10 மீட்டர்ல நுரையீரல் நிறைய இழுத்த காத்து மேல வரும்போது விரிஞ்சு ரெண்டு மடங்காகும், மூச்ச அடக்கிட்டு விருட்டுன்னு மேல வந்தா அந்த காத்துக்கு போக இடமில்லாம நுரையீரலயே கிழிச்சுரும். முதல் தடவ இறங்குறவங்கள 12 மீட்டர விட ஆழமா கூட்டிட்டு போகக்கூடாதுன்னு விதி, அதுக்குள்ளயே இவ்ளோ நடக்கும். பயந்துட்டா மேல ஓடணும்னுதான் யாருக்கும் தோணும், அப்பதான் இந்த ஒரு வரி ஞாபகம் வரணும், மூச்ச நிறுத்தாதீங்க, விட்டுகிட்டே இருங்க. இத ஹிந்தில கேட்டு தலையாட்டினவருக்கு அந்த நேரத்துல ஞாபகம் வருமா? தமிழ்ல சொன்னா வரும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

சீ வாக் பத்தி தனியா சொல்லணும். பெரிய ஹெல்மெட்ட தலைல கவுத்துருவாங்க, மேல படகுல இருந்து குழாய் வழியா காத்து வரும், முடி கூட நனையாது, முகத்துல தண்ணி படாது. நீச்சல் தெரிய வேணாம், அதனால இது ஏதோ பூங்கால நடக்குற மாதிரின்னு நினைச்சுக்கிறாங்க, ஸ்கூபா வேணாம்னு டாக்டர் சொன்னவங்க அப்ப சீ வாக் போலாம்லன்னு கேக்குறாங்க. ஆழம் ஆறு ஏழு மீட்டர் இருக்கும், காதுக்கும் நுரையீரலுக்கும் அதே அழுத்தம்தான். ஸ்கூபாவுக்கு கூடாதுன்னு எவ்ளோ நோய் இருக்கோ அது இதுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனா ஸ்கூபா அளவுக்கு இதுக்கு யாரும் கேள்வி கேக்குறதில்ல, வரிசைல நிக்க வச்சு அனுப்பிட்டே இருக்காங்க.

அப்புறம் ஃப்ளைட். இது முழுக்க டூர் பேக்கேஜ் போடுறவங்க கைல இருக்கு. ஸ்கூபா பண்ணா உடம்புல நைட்ரஜன் கரைஞ்சு இருக்கும், அது மெல்ல மெல்ல வெளிய போகணும், அதுக்குள்ள விமானத்துல ஏறினா மேல அழுத்தம் குறையும்போது அது குமிழா மாறி மூட்டு, நரம்பு எல்லாத்தையும் பாதிக்கும். ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், அதுக்கு மேல பண்ணிருந்தா 18 மணி நேரம் விடணும்னு டைவிங் மருத்துவம் படிச்சவங்க சொல்ற கணக்கு. நான் முழுசா ஒரு நாள் விட்டுருங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா தமிழ்நாட்டுல இருந்து வர்ற சில பேக்கேஜ்ல கடைசி நாள் காலைல போர்ட் பிளேர் பக்கத்து நார்த் பேல ஸ்கூபா, மத்தியானம் சென்னை ஃப்ளைட்னு போட்டு அனுப்புறாங்க. ஆரம்பத்துல ஸ்கூபா, கடைசில செல்லுலார் ஜெயில், ராஸ் தீவு, கடைத்தெருன்னு திருப்பி போட்டா முடிஞ்சு போச்சு, அவங்களுக்கு பத்து பைசா செலவு கிடையாது. வரிசைய மாத்தி எழுதணும், வேற என்ன? கப்பல்ல திரும்பி போறவங்களுக்கு இந்த பிரச்சினையே இல்ல, ஆனா மூணு நாள் ஆகும்னு இப்ப யாரு கப்பல்ல போறா.

நான் பயமுறுத்துறதுக்காக இத எழுதல. வராதீங்கன்னு சொல்லவும் இல்ல. எங்க கடல் அவ்ளோ அழகு. திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, மகனும் மருமகளும் கட்டாயப்படுத்தி கூட்டிட்டு வந்துட்டாங்க, கரைல உக்காந்து கைய பிசைஞ்சுகிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து அம்மா வாயால மட்டும் மூச்சு விடுங்க, மூக்க மறந்துருங்க, என் கைய விடாதீங்க, பிடிக்கலைன்னா கைய ரெண்டு தடவ அழுத்துங்க நான் தூக்கிருவேன்னு தமிழ்ல சொன்னேன், முட்டி அளவு தண்ணில வச்சு நாலு தடவ பழக்கினேன், அப்புறம் ஸ்நார்க்கெல் (தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்குற மூச்சுக் குழாய்) மாட்டி மிதக்க விட்டேன். கொஞ்ச தூரத்துல கடல் சாமந்தி (பூ மாதிரி இருக்குற ஒரு கடல் உயிரினம்) ஒண்ணு இருக்கு, அதோட விரல் விரலான இதழுக்குள்ள ஆரஞ்சு கலர்ல வெள்ளைக் கோடு போட்ட கோமாளி மீன் குடும்பமா இருக்கும், நாம கிட்ட போனா பெரிசு ஒண்ணு மட்டும் முன்னால வந்து நம்மள முறைக்கும், மத்ததெல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கும். அந்த அம்மா என் கைய அழுத்தவே இல்ல. மேல வந்து மாஸ்க்க கழட்டினதும் இன்னொரு தடவ கூட்டிட்டு போறியா தம்பின்னாங்க. நீச்சல் தெரியாது, கடலுக்கே புதுசு, அவங்களுக்கு தேவைப்பட்டது புரியிற மாதிரி நாலு வார்த்தையும் கொஞ்சம் பொறுமையும்தான்.

ஸ்நார்க்கெலிங்ல இன்னொன்னு. தடுமாறினா உடனே காலை கீழ ஊனிருவாங்க, கீழ இருக்குறது பாறைன்னு நினைச்சு. அது பாறை இல்ல, பவளம், உசுரு உள்ளது. உருண்டையா இருக்குற வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தா அதிகம், கால் வச்சு உடைக்கிறதுக்கு ஒரு நொடி போதும். 1998லயும் 2010லயும் 2016லயும் கடல் சூடாகி இங்க பவளம் வெளுத்துப் போச்சு, 2010ல நாங்க பாத்தது கொஞ்சநஞ்சம் இல்ல, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா தேறிட்டு வர்றத நம்ம காலால மிதிக்கணுமா? மீனுக்கு பிஸ்கட் பிரெட் போடாதீங்க. சங்கு, பவளத் துண்டு பொறுக்கி பைல போடாதீங்க, பவளம் வன உயிரின சட்டத்துல புலி இருக்குற அதே அட்டவணைல இருக்கு, ஏர்போர்ட்ல ஸ்கேன்ல மாட்டினா குழந்தை பொறுக்குனதுன்னு சொன்னாலும் விட மாட்டாங்க.

படகுல ஏறினா லைஃப் ஜாக்கெட் மாட்டி கொக்கிய போட்டுக்கங்க, போட்டோவுக்காக கழட்டாதீங்க, கூட்டம் அதிகமா இருந்தா ஏற மாட்டேன்னு சொல்லுங்க. 2014 ஜனவரி 26ஆம் தேதிய போர்ட் பிளேர்ல நாங்க யாரும் மறக்க மாட்டோம். ராஸ் தீவுல இருந்து நார்த் பே போற வழியில டூரிஸ்ட் படகு கவிழ்ந்து 20க்கு மேல செத்துப் போனாங்க, அதுல பெரும்பாலானவங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க. படகுல ஏத்த வேண்டியத விட ரொம்ப அதிகமா ஆள ஏத்தியிருந்தாங்க. கேக்குறதுக்கு சங்கடப்பட்டுட்டு ஏறாதீங்க, அத்தனை குடும்பம் அழுதத நாங்க பாத்துருக்கோம்.

இங்க சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போயிரும், காலைல அஞ்சு மணிக்கே வெளிச்சம், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டு. ஊர்ல மாதிரி ஆறு மணிக்கு மேல பீச்ல குளிக்கலாம்னு கணக்கு போடாதீங்க. உப்புத்தண்ணி முதலை இங்க உண்மையாவே இருக்கு. 2010ல ராதாநகர் பக்கத்துல ஸ்நார்க்கெலிங் பண்ணிட்டு இருந்த அமெரிக்க பொண்ணு ஒருத்தங்க முதலை தாக்கி இறந்தாங்க. போர்டு வச்சிருக்குற இடத்துல, ஓடை வந்து கடல்ல கலக்குற இடத்துல, அலையாத்தி காடு ஓரத்துல இறங்காதீங்க, லைஃப் கார்டு விசில் அடிச்சா வெளிய வந்துருங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கடல் கொந்தளிப்பா இருக்கும், ஆஃபர்ல டிக்கெட் கெடச்சுதுன்னு அப்ப வந்துட்டு படகு ஓடலையேன்னு சண்ட போடாதீங்க.

நம்ம ஆளுங்க சொன்னா கேக்க மாட்டாங்கன்னு சில பேரு சொல்றாங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன். வண்டூர்ல இருந்து ஜாலி பாய் தீவுக்கு படகு போகும், 1983ல இருந்து மகாத்மா காந்தி கடல் தேசிய பூங்காவா பாதுகாக்குற இடம் அது. படகுல ஏறுறதுக்கு முன்னாடியே பைய திறந்து பிளாஸ்டிக் எல்லாத்தையும் வெளிய எடுத்துருவாங்க, தண்ணி பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கிட்டுத்தான் விடுவாங்க, பாட்டில திருப்பி காட்டினா காசு திரும்ப வரும். எல்லாரும் ஒழுங்கா கேட்டு நடக்குறாங்க, தீவும் சுத்தமா இருக்கு. ஏன்னா அங்க ஏறுறதுக்கு முன்னாடி சொல்றாங்க, தெளிவா சொல்றாங்க, சோதிக்கவும் செய்றாங்க. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இவ்ளோ பண்ண முடியுதுன்னா மனுஷன் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் பண்ண முடியாதா?

அதனால நான் கேக்குறது இதுதான். தமிழ்நாட்டுல அந்தமான் பேக்கேஜ் விக்கிற டூர் ஏஜென்சிகள் அட்வான்ஸ் வாங்கும்போதே அந்த மெடிக்கல் கேள்விகள தமிழ்ல ஒரே ஒரு தாள்ல குடுக்கணும், வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் போதும், ஆமான்னு ஏதாவது இருந்தா உங்க டாக்டர பாத்துட்டு வாங்கன்னு கீழ ஒரு வரி இருக்கணும். ஸ்கூபா, சீ வாக் எதுவும் விமானம் ஏறுற நாள்ல வராத மாதிரி நாள் போடணும். அந்தமான் சுற்றுலாத் துறை ஹேவ்லாக், நீல் தீவு, நார்த் பே மாதிரி கடல் விளையாட்டு நடக்குற இடத்துல எல்லாம் தமிழ்லயும் விளக்கம் குடுக்கணும், ஆள் இல்லைன்னா பத்து நிமிஷ வீடியோ ஒண்ணு தமிழ்ல பேசி ஓட விடட்டும், பேசிக் குடுக்க போர்ட் பிளேர்ல எங்கள மாதிரி தமிழ் பசங்க எத்தனையோ பேரு இருக்கோம், கூலி கூட கேக்க மாட்டோம். உங்க பேப்பரும் அடுத்த தடவ அந்தமான் கட்டுரை போடும்போது ஹோட்டல், டிக்கெட் விவரம் போடுற கட்டத்துக்கு பக்கத்துலயே அந்த கை சைகைகளையும், மூச்ச அடக்கக் கூடாதுங்குறதையும், ஃப்ளைட்டுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் விடணும்ங்குறதையும் படம் வரைஞ்சு போடுங்க. பரீட்சை லீவு விடுறதுக்கு முன்னாடி வந்துச்சுன்னா நல்லது, ஏப்ரல் மே மாசம்தான் நம்ம ஊரு குடும்பங்க நிறைய வர்ற நேரம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ஹேவ்லாக், அந்தமான்.